மெல்லிய அம்புக்கு ஒரு தாங்கி

சுருட்டையின் அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போனது.

தொடர்ந்து நான்காவது முறை. இலக்குப் பலகையின் நடு மஞ்சள் வட்டத்துக்குப் போகவேண்டியது நீலத்தில் போய்க் குத்தி நின்றது.

பக்கத்தில் நின்றிருந்த கண்ணாடிக்கடைக்காரி தன் வில்லைத் தாழ்த்தினாள். நாளெல்லாம் மூக்குக்கண்ணாடிகளுக்குப் பொடித் திருகாணி மாட்டுகிறவள். அவள் கண்ணில் பட்டுவிட்டது.

கோளாறு கையில் இல்லை, தாங்கியில்.

அம்பு கிளம்பும்வரை அதை ஏந்திக்கொண்டிருக்கிற, வில்லில் மாட்டிய சின்னக் கவை அது. பழைய தடித்த அலுமினிய அம்புகளுக்காக வைத்தது. சுருட்டை இந்த வாரம்தான் கார்பன் அம்புக்கு மாறியிருந்தாள். கார்பன் பென்சிலைவிட ஒல்லி. கவையின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. விடும்போது வால் இறகு கம்பியில் இடித்துவிட்டுப் போகிறது.

சுருட்டை முடி என்பதால் மைதானத்தில் எல்லோருக்கும் சுருட்டையாகிப்போன அந்தப் பெண்ணுக்கு இது தெரியவில்லை. தன் கைதான் சரியில்லை என்று நினைத்து, உள்ளங்கையைத் திரும்பத் திரும்பப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நகர அணியில் பெண்களுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு இடம். போட்டியில் மிச்சமிருந்தது இவர்கள் இரண்டு பேர்.

இடைவேளை விட்டார்கள். அடுத்தது கடைசிச் சுற்று; புள்ளிகள் புதிதாகத் தொடங்கும்.

ஆண்கள் அணியில் ஏற்கெனவே தேர்வாகிவிட்ட கூரியர்காரர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். அவரும் கவனித்திருக்கிறார். குனிந்து மெதுவாகச் சொன்னார்: “பாத்தும் பாக்காத மாதிரி இருந்துடுங்க. இந்தத் தடவை இடம் உங்களுக்குத்தான்.”

கண்ணாடிக்கடைக்காரிக்கு ஆசை இல்லாமல் இல்லை. இரண்டு முறை தேர்வின் வாசல்வரை வந்து திரும்பியவள். ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. அடுத்த வருடம் தோள் ஒத்துழைக்குமா என்பது தோளுக்கே தெரியாது.

ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். பாட்டிலை அவரிடமே நீட்டினாள்.

நேராகப் போய்த் தன் பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே உபரியாக இரண்டு தாங்கிகள் கிடந்தன. ஒன்று, அம்பு கிளம்பியதும் தானே படக்கென்று கீழே சாய்ந்து வழிவிடுகிற வகை. இறகில் எதுவும் படாது. அவள் வில்லிலும் அதுதான். ஆனால் அதன் கயிற்றை இழுத்துக் கட்டி, அம்பு விட்டு விட்டுப் பார்த்துச் சரிசெய்ய ஒரு சாயங்காலமே வேண்டும்.

இன்னொன்று வட்டம். உள்பக்கம் முழுக்க பிரஷ்போல நார் வைத்தது. இறகு அதில் உரசத்தான் செய்யும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, மெத்தென்று உரசும். அம்பு எவ்வளவு ஒல்லியானாலும் நடுவிலேயே பிடித்துக்கொள்ளும். காற்றடித்தாலும் கை நடுங்கினாலும் கீழே விழவிடாது.

சுருட்டையின் கையைப் பார்த்தாள். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

வட்டத்தை எடுத்தாள்.

“வில்லக் குடு.”

“எதுக்கு? எனக்குத்தான் வரலையே.”

“உனக்கு வருது. இந்தக் கம்பிக்குத்தான் வரல. குடு இங்க.”

நடுவரிடம் கைகாட்டிச் சொல்லிவிட்டு, பழையதைக் கழற்றி வட்டத்தை மாட்டினாள். அம்பைச் செருகி, ஒரு கண்ணை மூடி, நாணுக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். துளி நகர்த்தி முடுக்கினாள். ஓரத்திலிருந்த பயிற்சிப் பலகையில் சுருட்டை ஒன்று விட்டுப் பார்த்தாள்.

அம்பு ஆடாமல் போனது.

கூரியர்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

அதன்பின் கண்ணாடிக்கடைக்காரி ஒன்றும் விட்டுக்கொடுத்துவிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எய்தாள். அந்தப் பக்கமும் சளைக்கவில்லை. கடைசி அம்பில், ஒரே ஒரு புள்ளியில், இடம் சுருட்டைக்குப் போனது.

வில்களை உறையில் போட்டுக்கொண்டு, இருவரும் ஸ்கூட்டர் நின்ற இடத்துக்கு வந்தார்கள்.

“என் கடைசி அம்பு உள்வட்டத்துக் கோட்டத் தொட்டுச்சு. பத்து போட்டிருக்கணும்,” என்றாள் கண்ணாடிக்கடைக்காரி.

“தொடல அத்தே. நான் கிட்டப் போய்ப் பாத்தேன்.”

“நாளைக்குக் கடைக்கு வா. உன் கண்ண டெஸ்ட் பண்ணணும்.”

“முதல்ல நீங்க தோத்தத ஒத்துக்குங்க!”

சுருட்டை போட்ட சத்தத்தில், வண்டி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்கடைக்காரி சாவியைத் திருகாமல் அப்படியே நின்றாள்.

மகன் தவறிப்போய் இரண்டு வருடமாகிறது. அறையை விட்டு வராமல் சுவரைப் பார்த்துக் கிடந்த மருமகள் சுருட்டையை இந்த மைதானத்துக்குக் கூட்டிவந்தவள் அவள்தான். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், வா என்றால் வருவாள், அவ்வளவுதான். ஒருவர் மனம் நோகக்கூடாதென்று இன்னொருவர் பார்த்துப் பார்த்துப் பேசி, அந்த வீட்டில் ஒரு குரல் உயர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது.

“ஒத்துக்க மாட்டேன்,” என்றாள், அவளைவிடச் சத்தமாக. “தொட்டுச்சு!”

வீடு வரும்வரை இருவரும் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள்.