தளபதிக்குச் சுரங்கம் இல்லை

"சுரங்கமெல்லாம் கிடையாது. உன் தளபதி செத்துட்டான், லாசரஸ். வில்பிரட், உன் ஆள் இப்போ என்ன பண்றான்?"

மின்சார ரயில் பல்லாவரம் தாண்டியிருந்தது. யக்ஞநாராயணன் கோட்டை முற்றுகைக் கதையைச் சொல்லத் தொடங்கி மூன்று மாதமாகிறது. தாம்பரத்தில் ஏறினால் பீச் ஸ்டேஷன் வரை கதைதான். உடன் வரும் மூன்று பேருக்கும் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். யாராவது ஆபத்தில் இறங்கினால், எதிரே வரும் வண்டியின் நெற்றியில் எழுதிய எண்ணைப் பார்ப்பார்கள். இரட்டைப்படை என்றால் பிழைத்தான், ஒற்றைப்படை என்றால் போனான். லாசரஸின் தளபதி மதில்மேலிருந்து குதித்தபோது வந்து தொலைத்தது ஒற்றைப்படை.

லாசரஸ் விடுவதாக இல்லை. "அண்ணா, அந்த மதிலுக்குக் கீழ ஒரு சுரங்கம் இருக்கு. என் ஆள் அதுக்குள்ள இறங்கிட்டான்."

"யார் தோண்டினது?"

"நான்தான். இப்போதான்."

"உன் ஆள் என்ன செய்வான்னு நீ சொல்லு, கேட்டுக்கறேன். கோட்டைல என்ன இருக்குன்னு நான்தான் சொல்லுவேன்."

"மூணு மாசமா அவனை நடத்திக்கிட்டு வந்தவன் நான். கதைல எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு இல்ல?"

வில்பிரட் பரிந்துகொண்டு வந்தான். "ஒரே ஒரு சுரங்கம்தானே அண்ணா, குடுத்துடுங்களேன்."

"இப்படித்தான் போன மாசம் ராகவன் கெஞ்சினானேன்னு ஒரு யானை குடுத்தேன். என்ன ஆச்சு? மறுநாளே நீ ரெண்டு யானை வேணும்னே. கோட்டையா அது, மிருகக்காட்சி சாலை!"

ஸ்ரீநிவாசராகவன் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

யக்ஞநாராயணனுக்குக் கோபம் பொங்கியது. யார் என்ன சொன்னாலும் தலையாட்டியே காலம் தள்ளிய மனிதர் அவர். வீட்டில் மனைவி லோகநாயகி சொன்னால் ஆட்டுவார், ஆபீசில் எவர் சொன்னாலும் ஆட்டுவார். இந்த ரயில் பெஞ்சில் மட்டும்தான் ஆட்டுவதில்லை. இங்கேயும் வளைந்துகொடுத்தால் அப்புறம் கதையாவது, மண்ணாவது!

"செத்துடுவோம்கிற பயம் இருந்தாத்தான்பா ஜெயிக்கறதுல ருசி," என்றார். "இன்னிக்கு உனக்குச் சுரங்கம் குடுத்தா நாளைக்கு எவனும் பயப்பட மாட்டான்."

"அப்போ நாளைலேர்ந்து நான் வேற பெட்டில ஏறிக்கறேன்."

"தாராளமா ஏறிக்கோ."

பீச் வரும்வரை லாசரஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

அன்று பிற்பகல், யக்ஞநாராயணன் அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு ஆபீசர் அறைக்குள் போனார். வருஷக்கணக்காகக் காத்திருந்த பதவி உயர்வு ஒரே ஒரு கையெழுத்துக்காக நின்றது. மேஜை முன்னால் கைகட்டி நின்றார்.

ஆபீசர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"மிஸ்டர் யக்ஞநாராயணன், கடைசியாக் கேக்கறேன். என் தளபதி பிழைப்பானா, மாட்டானா?" என்றார் லாசரஸ்.

"மாட்டான், சார்."