உறுமனின் வணக்கம்

கணினி விளையாட்டு ஒன்றுக்குள் ஒரு பனிக்காடு. அங்கே பாலத்துக்குக் காவல், உறுமன் என்ற கரடி. விளையாட வருகிறவர்கள் அதை வெட்டிச் சாய்த்துவிட்டுத்தான் பாலம் தாண்டுவார்கள். சற்று நேரத்தில் பனியை உதறிக்கொண்டு அது மறுபடி எழுந்து நிற்கும். அதனால் யார் தலை தெரிந்தாலும் முந்திக்கொண்டு பாய்வதே அதன் வழக்கம்.

ஒருநாள் புதிதாக ஒரு வீராங்கனை வந்தாள். உறுமன் பாய்ந்தது. அவளோ பதற்றத்தில் வாள் பொத்தானுக்குப் பதிலாக வேறு எதையோ அமுக்கிவிட்டாள் போலிருக்கிறது. கையை உயர்த்தி ஆட்டினாள். உறுமன் அப்படியே நின்றுவிட்டது.

"என்னடா பண்றா இவ?" என்று பாலத்து விளக்கைக் கேட்டது.

"வணக்கம் சொல்றா. நீயும் சொல்லேன்."

"எனக்கு அதெல்லாம் எங்கடா தெரியும்?" என்று முனகிக்கொண்டே உறுமன் முன்னங்காலைத் தூக்கி ஆட்டியது. அவள் துள்ளிக்கொண்டு பாலம் தாண்டினாள்.

அடுத்து வந்தவனுக்கும் அது முன்னங்காலைத் தூக்கியது. அவன் ஒரே வெட்டாக வெட்டிவிட்டுப் போனான். அதற்கடுத்தவனும் அப்படியே.

"போதும்டா, பழையபடி பாய்ஞ்சுடு," என்றது விளக்கு.

"இன்னும் ஒரே ஒருத்தரைப் பார்த்துடறேன்." ஒவ்வொரு முறை எழும்போதும் உறுமன் இதையேதான் சொன்னது.

பிறகு ஒருவன் வாளை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தான். உறுமன் முன்னங்காலைத் தூக்கியது. வாள் அந்தரத்தில் நின்றது. வணக்கத்துக்கு எந்தப் பொத்தான் என்று அவன் தேடிக்கொண்டிருந்தான்.