ஒன்றேகால் மணி நேரப் பயணம்

"ஒன்னேகால் மணி நேரத்துல எவனுக்காவது இவ்வளவு தாடி வளருமா? என்னைப் பார்த்தா கேனச்சி மாதிரியா தெரியுது?"

எதிர் வீட்டு லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி போட்ட சத்தம் எங்கள் அடுப்படி வரை கேட்டது. காய்ந்த துணியையே மறுபடி காயப்போடும் சாக்கில் பால்கனிக்குப் போனேன்.

அவருக்கு வேலை அறுநூறு கிலோமீட்டர் தள்ளி. வெள்ளிக்கிழமைதோறும் விமானத்தில் வருவார். ஏறுமுன் மழுமழுவென்று சவரம் செய்த முகத்தை வீடியோ காலில் காட்டுவார். இறங்கும்போது இருபது நாள் தாடி இருக்கும். விமானம் ஒருநாளும் தாமதமானதில்லை.

"சத்தியமா சீட்டை விட்டு எழுந்திருக்கலம்மா. கொஞ்சம் கண்ணசந்தேன், அவ்வளவுதான்."

"எவ வீட்டுல கண்ணசந்தீங்க?"

கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வியாழக்கிழமை ராத்திரி ரயிலில் அவளே அந்த ஊருக்குப் போனாள். கிளம்பும் அன்று தலைக்குக் கன்னங்கரேலென்று சாயம் பூசியிருந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்து விமானத்தில் திரும்பினார்கள். டாக்ஸி வந்த சத்தம் கேட்டு, குப்பைக் கூடையோடு நானும் கீழே இறங்கினேன்.

"என்னம்மா, ஆளைப் பிடிச்சியா?"

"கையை விடாம பக்கத்துலயே உட்கார்ந்து வந்தேன்க்கா. எங்கயும் போகல."

அவள் வகிடு நெடுக ஒரு நெல்மணி நீளத்துக்கு நரை முளைத்திருந்தது.

அதன்பின் அந்த வீட்டில் சண்டையே இல்லை. எனக்குத்தான் பொழுது போகவில்லை. அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்துகொண்டு அவர் வேலை பார்க்கும் ஊருக்கே போனார்கள். சாமான் லாரியில், டிரைவருக்குப் பக்கத்தில் நெருக்கியடித்து ஏறினார்கள்.

"பன்னிரண்டு மணி நேரமாகுமே, எதுக்கு இந்தக் கஷ்டம்?" என்றேன்.

"இதுல போனா நேரம் மிச்சம்க்கா" என்றாள்.