யாருக்கு யார் ஜாமீன்?

பெண்களுக்குச் சிறுகடன் கொடுக்கும் சங்கத்துக்கு நான் தலைவி, கண்ணுகளா. நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்குத் தலைகால் புரியாது.

"மூணு கடன் ஒழுங்கா கட்டிட்டேன்க்கா. இன்னொரு மெஷின் வாங்கணும்," என்றாள் தையல்காரி.

"அதெல்லாம் சின்னக் கடன். மெஷினுக்குன்னா ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் இருக்கா?"

"எனக்கு யாருக்கா இருக்காங்க?"

"அப்ப நடையைக் கட்டு. சட்டம்னா சட்டம்தான்."

அன்று மதியம், எங்களைப் போன்ற சங்கங்களுக்கு மொத்தமாகப் பணம் தரும் நிறுவனத்தில், நாற்காலி நுனியில் ஒடுங்கியிருந்தேன். அவர்கள் கைவிரித்தால் சங்கத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

"பணம் தர்றோம்மா," என்றார் அதிகாரி.

"ஜாமீனுக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்லையே சார்!"

"உங்ககிட்ட கடன் வாங்கினவங்களைத்தான் நாங்க விசாரிப்போம். போன வாரம் ஒருத்தங்க, 'அக்காவுக்கு வாய்தான் நீளம், கை சுத்தம். நான் பொறுப்பு'ன்னு எழுதியே கொடுத்தாங்க."

"யாரு சார் அது?"

"தையல் வேலை பார்க்கிறவங்க. நீங்க அடுத்த மெஷினுக்குக் கடன் கொடுத்துடுவீங்கன்னு அவ்வளவு நம்பிக்கை அவங்களுக்கு."

சாயங்காலம் அவள் வீடு தேடிப் போய், அவளுடைய கடன் மனுவில் ஜாமீன்தாரர் என்ற இடத்தில் நானே கையெழுத்துப் போட்டேன்.

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க கையெழுத்தெல்லாம் செல்லுமாக்கா?"