மூன்று பேர் தூக்கிய டோலி

சீனாவுக்காகப் போரிடத் தானாக முன்வந்த அமெரிக்க விமானி ஹாலிஸ், எதிரிப் பகுதியில் விழுந்து, பத்து நாள் கழித்து டோலியில் குன்மிங் தளத்துக்கு வந்து சேர்ந்தான். தூக்கி வந்தவர்கள் மூன்று விவசாயிகள்.

"நான் காய்ச்சல்ல நினைவில்லாம கிடந்தப்ப என் கடிகாரத்தைத் திருடிட்டானுங்க. டோலியையாவது ஒழுங்கா தூக்குனானுங்களா? பாதி வழியிலேருந்து ஒரு பக்கமா சாய்ச்சே தூக்குனானுங்க. 'இவரைக் காப்பாத்துங்க'ன்னு உங்க எழுத்துல எழுதின துணியைத்தானே என் சட்டை முதுகுல தச்சிருக்கு? கேளு, லியூ."

மொழிபெயர்ப்பாளனான நான் கேட்டேன். கேட்ட வாயைக் கழுவ வேண்டும்போல இருந்தது.

தூக்கி வந்தவர்களில் ஒருவரான துவான் தோளைத் தேய்த்துக்கொண்டார். "ஜப்பான்காரனுக்கு வேலைக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கிற நம்மாளுங்க வழியை மறிச்சாங்க. கடிகாரத்தைக் குடுத்தோம். அது போதாதுன்னுட்டாங்க."

"அப்புறம்?"

"கிளம்பும்போது நாங்க நாலு பேருங்க."