ஓடுபாதையில் ஒரு மூட்டை நெல்

"ஐயோ, என் வேலை போச்சே!"

தலையில கை வெச்சுக்கினு கத்தினேன். பின்ன? வடக்குப்பட்டு பக்கத்துல இருந்த அந்த விமான தளத்துக்கு நான்தான் வாட்ச்மேன், தாண்டவராயன். தளம்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க. சண்டைக் காலத்துல வெள்ளைக்காரன் போட்டுட்டுப் போன சிமெண்டுத் தரை, அவ்வளவுதான். மாசம் ஒரு தரம் எங்க கம்பெனி முதலாளி பம்பாயிலேர்ந்து குட்டி ஜெட்டுல வந்து இறங்குவாரு. மத்த நாள்ல ஊர் சனம் அதுல நெல்லு காயவைக்கும். அவரு வர்ற அன்னிக்கு விசில் ஊதி சனத்தை வெரட்டி, ஒரு மணி நெல்லு இல்லாம பெருக்க வைக்கறதுதான் என் உத்தியோகம்.

நெல்லு என்ஜினுக்குள்ள போனா கெட்டுடுமாம். "தரையில நெல்லைப் பார்த்தேன்னா பிளேனை எடுக்கமாட்டேன்"னு பைலட் வர்றப்பல்லாம் சொல்லுவாரு.

அந்த ஜெட்டுதான் இப்ப கழனிச் சேத்துல மூக்கைக் குத்திக்கினு நிக்குது.

எல்லாம் கிளியம்மாள் பண்ண வேலை. தரையைப் பெருக்கறவளே அவதான். பிளேன் கிளம்பி ஓட ஆரம்பிச்சப்ப நட்டநடுப் பாதையில ஒரு மூட்டை நெல்லைக் கொட்டிட்டு, முந்தானையை வீசிக்கினு நின்னா. பைலட் பிரேக்கைப் போட்டாரு. டமார்னு டயர் வெடிச்சு, பிளேன் பக்கவாட்டுல வழுக்கிக்கினு கழனியில எறங்கிடுச்சு.

காலையில முதலாளி வந்து எறங்கினதும், நான் அவருக்கு இளநீர் சீவிக்கினு இருந்தேன். அப்பதான் வந்து "அண்ணே, அண்ணே"ன்னு தொணதொணத்தா. "போமே அந்தாண்ட!"ன்னு வெரட்டிட்டேன். அந்தக் கோவத்தை இப்படியா காட்டுவா?

"உன்னைப் போலீசுல குடுக்கல, என் பேரு தாண்டவராயன் இல்லமே!" அவளைத் திட்டிக்கினே கழனிக்கு ஓடினேன்.

நல்லவேளை, ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்ல. முதலாளி ஒரு கால்ல ஷூவும் ஒரு கால்ல சேறுமா நடந்து வந்தாரு.

மேனேஜர் தேவநாதன் சார் ஜீப்புல பறந்து வந்தாரு. "ஏம்மா, நெல்லு காயவைக்க உனக்கு வேற நேரமே கெடைக்கலியா?"

"காயவைக்கல சார். அது காஞ்சு நாலு நாளாச்சு. பொண்ணு கல்யாணத்துக்குன்னு மூட்டை கட்டி, வண்டிக்காக ஓரத்துல வெச்சிருந்தேன். அந்த மூட்டையை இழுத்தாந்து, கிழிச்சுக் கொட்டினேன்."

"எதுக்கு?"

கிளியம்மாள் மடியிலேர்ந்து எடுத்து நீட்டினா. முழ நீளத்துக்குக் கறுப்பு ரப்பர்.

"காலையில பிளேன் எறங்கினப்புறம் தரையைப் பெருக்கசொல்ல கெடச்சுது சார். சக்கரத்துலேர்ந்து பிஞ்சு வுழுந்துகீது. நான் கையைக் காட்டினா இன்னாத்துக்கு நிறுத்தப் போறாங்க? நெல்லைக் கண்டா நிறுத்துவாங்கன்னுதான்..."

பைலட் அதை வாங்கினாரு. வெடிச்ச டயர்ல வெச்சுப் பார்த்தாரு. கச்சிதமா பொருந்திச்சு.

"கிளம்பற அவசரத்துல நான் குனிஞ்சு பார்க்கல சார், என் தப்பு. இன்னும் வேகமெடுத்தப்புறம் வெடிச்சிருந்தா, நேரா ஏரிதான்."

முதலாளி தூரத்துல பளபளன்னு கெடந்த ஏரியைப் பார்த்தாரு. ரப்பரைப் பார்த்தாரு. அப்புறம் வாய்விட்டுச் சிரிச்சுட்டு, கிளியம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டாரு. சனமெல்லாம் கைதட்டிச்சு.

தேவநாதன் சார்தான் விடல. "எல்லாம் சரிம்மா. காலையிலயே பார்த்திருக்கியே, வாட்ச்மேன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

மூணு பொண்ணைப் பெத்தவன் நான். காக்கிச் சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு எந்த மூஞ்சியோட வூட்டுக்குப் போவேன்?

கிளியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் தரையைப் பார்த்தேன்.

"சொல்லாம இருப்பனா சார்? எனக்குத்தான் சொல்ல நேரமாயிடுச்சு. அதுக்குள்ள ஐயா ஏறிட்டாரு. 'ஓடுமே, நெல்லைக் கொட்டியாவது நிறுத்து'ன்னு அனுப்பினதே இந்த அண்ணன்தான்!"

முதலாளி சேத்துக் கையோட என் கையைப் புடிச்சுக் குலுக்கினாரு. "பொண்ணு கல்யாணத்துக்கு நாங்கல்லாம் வர்றோம்மா"ன்னு அவகிட்ட சொல்லிட்டு ஜீப்புல ஏறினாரு.

எல்லாரும் போனப்புறம் கேட்டேன். "ஏம்மே கிளி, ஏன் அப்படிச் சொன்னே?"

"உன்னை வெரட்டிட்டா, அடுத்து வர்றவன் இளநீயாவது ஒழுங்கா சீவுவானோ, இன்னாவோ!" சிரிச்சுக்கினே நெல்லைக் கூட்ட விளக்குமாத்தை எடுத்தா.

அதை அவ கையிலேர்ந்து பிடுங்கினேன். அன்னிக்குப் பொழுது சாயற வரைக்கும் அவ மர நிழல்ல உக்காந்து என் விசிலை ஊதினா; நான் ஒரு மணி நெல்லு விடாமப் பெருக்கினேன்.