முதலிடத்துக்கு வந்த குரல்

லோர்னா ரேடியோவை அணைத்தாள். அவளுடைய அம்மா பாலின் அதை மறுபடி போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறே முக்கால். நாட்டில் அந்த வாரம் அதிகம் விற்ற பாட்டுகள் நாற்பதாவது இடத்திலிருந்து ஒவ்வொன்றாக மேலேறி, மூன்றாவது இடம் முடிந்திருந்தது. இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி ஊரில் பாதி வீடுகளில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளூர்க்காரன் ஒருவன் முதலிடத்துக்கு வரப்போகிறான்.

"அது வந்தா நான் எழுந்து போயிடுவேன்" என்றாள் லோர்னா.

"உன் தம்பிடீ அவன். நாட்டுக்கே பிடிச்சிருக்கு, உனக்கு மட்டும் என்ன கேடு?"

தம்பி டாரனின் பாட்டு மோசம் என்று லோர்னா சொல்லவில்லை. பாட்டு தொடங்குவதற்கு முன்னால் வரும் அந்த மூன்று நொடிதான் அவளைக் கொன்றது.

'எடு கண்ணு. நான்தான். ஒண்ணுமில்ல.'

அது அவர்களுடைய அப்பா டெரிக்கின் குரல். பதினான்கு மாதங்களுக்கு முன், லிங்கன் நகருக்குப் போகும் சாலையில் லாரியை ஓரங்கட்டிவிட்டு அழைத்தார். யாரும் எடுக்கவில்லை. குரல் மட்டும் பதிவானது. மாலையில் போலீஸ்காரர் லாரியின் கதவைத் திறந்தபோது அப்பா ஸ்டீயரிங்மேல் கவிழ்ந்து கிடந்தார்.

டாரன் அதைப் பாட்டில் சேர்த்துவிட்டான். யாரையும் கேட்கவில்லை.

இந்த வருடத்திலிருந்து பாட்டைக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்கிறவர்களையும் தரவரிசைக் கணக்கில் சேர்க்கிறார்கள். கடைக்கு இசைத்தட்டு வருவதற்குள் பாட்டு ஊரெங்கும் பரவிவிட்டது. அந்த மூன்று நொடியைத் தனியாக வெட்டி, செல்போன் மணியாக வேறு விற்றார்கள். பாட்டைவிட அதுதான் அதிகம் போனது. பஸ்ஸில், பல் டாக்டரிடம், மதுக்கடையில், யார் பையிலிருந்து வேண்டுமானாலும் செத்துப்போன அப்பா கூப்பிட்டார்.

வியாழக்கிழமை சூப்பர் மார்க்கெட்டில், லோர்னா பில் போடும் இடத்திலேயே அப்பா கூப்பிட்டார். உறைந்த பட்டாணிப் பையோடு நின்ற பெண் கைப்பையைத் துழாவியபடி சிரித்தாள். "இதோ எடுத்துத் தொலைக்கிறேன், கிழவா!"

வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

லோர்னா அந்த செல்போனைப் பிடுங்கி ஐஸ் பெட்டிக்குள் மீன் துண்டுகளுக்கு நடுவே எறிந்தாள். இரண்டு வாரம் வீட்டில் இரு என்று மேனேஜர் அனுப்பிவிட்டார்.

அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? பாசக்காரக் கிழவர் ஒருவர் பிள்ளையைக் கூப்பிடுகிறார் என்று நினைத்திருப்பாள். 'ஒண்ணுமில்ல' என்பதற்கு முன்னால் மூச்சு இரண்டு தடவை தடுக்குவது லோர்னாவுக்குத்தான் கேட்கும்.

இரண்டாவது இடத்துப் பாட்டும் முடிந்தது.

அறிவிப்பாளர் கத்தினார். முதலிடம். டாரன் ஸ்டுடியோவிலேயே இருந்தான். கைதட்டல் கேட்டது. பாலின் ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். லோர்னா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எல்லாரும் கேக்கிற கேள்விதான், டாரன். அப்பா அன்னிக்குக் கூப்பிட்டது யாரை?" என்றார் அறிவிப்பாளர்.

லோர்னா கதவருகே நின்றுவிட்டாள்.

டாரன் சொன்னான். "என்னைத்தான். ஃபோன் கையிலதான் இருந்துச்சு. பேரைப் பார்த்தேன். அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுட்டேன்."

அறிவிப்பாளர் தணிந்த குரலில் ஏதோ ஆறுதல் சொன்னார். பாட்டு தொடங்கியது.

பாலின் அழுகையை நிறுத்தியிருந்தாள்.

"கையில வச்சுக்கிட்டேவா?"

லோர்னா கதவருகிலிருந்து திரும்பினாள்.

"யாரைக் கூப்பிட்டாருன்னு நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன். ரெண்டு பேரும் கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்களே. இதுக்குத்தானா?"

செவ்வாய்க்கிழமை வரப்போகும் மகனுக்காகச் செய்து வைத்திருந்த கேக்கை அப்படியே தட்டோடு எடுத்துக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள். தட்டு உடைந்தது.

"அவர் மூச்சுக்குத் தவிச்சப்போ எடுக்கல. இப்ப அதை வச்சுப் பாட்டுப் பாடிப் பேரு வாங்குறான். இனி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொல்லிடு. என் சாவுக்கும் வரக் கூடாது."

இத்தனை வாரமாக லோர்னா கேட்க விரும்பியதெல்லாம் இதுதான். அவனை அம்மா ஒரு தடவையாவது திட்ட வேண்டும். இப்போது திட்டிவிட்டாள்.

ஆனாலும் லோர்னாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அப்பாவின் குரலை டாரன் அனுமதி கேட்காமல் எடுத்துக்கொண்டான். இப்போது இந்தப் பழியையும் கேட்காமல் எடுத்துக்கொண்டான். இவன் யார், எனக்காகப் பேச? நாடே கேட்கும்படி?

"அவன் பொய் சொல்றான்மா."

"என்னது?"

"அப்பா கூப்பிட்டது என்னை."

பாலின் திரும்பிப் பார்த்தாள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

"அவனுக்கு மட்டும்தான் சொன்னேன். என்னால கேக்க முடியல, நீயே வச்சுக்கோன்னு ஃபோனை அவன்கிட்ட குடுத்துட்டேன். அப்பா மறுபடியும் ஞாயித்துக்கிழமைச் சாப்பாட்டுக்கு வான்னுதான் கூப்பிடுறாருன்னு நினைச்சு எடுக்காம விட்டுட்டேன்மா."

பாலின் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். மேசை விரிப்பின் ஓரத்தை வெகுநேரம் நீவி நீவிச் சரிசெய்தாள்.

"எவ்வளவு நேரம் அடிச்சுது?"

"நிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன்மா."